குழாய்ச் சிவப்பு

குருவம்மாள் சாகப்போகிறாள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. கொழுந்து எடுக்கும்போது மற்றவர்களுக்கு முன்னால் தன் நிரையை முடித்துவிட்டு, கூடையோடு நிமிர்ந்து நிற்கிறவள். ஆனால் மாரியம்மன் கோயில் சுவரில் அவள் முகம் கறுத்துவிட்டது.

அந்தச் சுவரில் படம் எழுதியவன் அவளுடைய அண்ணன் வீரபாண்டி.

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்தது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் தூக்கம் கலையும். எல்லோரும் தோட்டத்து வேலைக்காரர்கள். வீரபாண்டி மட்டும் மின்சார போர்டில் கூலிக்குப் போனான். மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களின்மேல் கயிற்றில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டுவான். சுரண்டிய இடத்தில் முதலில் சிவப்புச் சாயம். அது காய்ந்த பிறகு வெள்ளிச் சாயம். கடைசிக் குழாயை முடிக்கும்போது முதல் குழாயில் துரு ஏறியிருக்கும். மறுபடி மேலே போவான். பல வருஷங்களாக அவன் வாழ்க்கை அப்படி மேலும் கீழுமாக இருந்தது.

டப்பாவின் அடியில் தங்கும் மண்டியை ஸ்டோர் கீப்பர் காளிச்சாமி கூலிக்காரர்களிடமே கொடுத்துவிடுவார். அதனால் அந்தப் பக்கத்து லயங்களில் கதவுகள் வெள்ளி நிறம். ஜன்னல் கம்பிகள் சிவப்பு. ஓட்டை அடைத்த வாளிகளில் சிவப்புத் திட்டுகள். குழாய்ச் சிவப்பு என்றுதான் அதற்குப் பெயர். எந்த மழைக்கும் அசையாத பொருள் என்று எல்லோரும் நம்பினார்கள். வீரபாண்டியும் நம்பினான். இடவப்பாதி என்கிற பருவமழை எத்தனையோ தடவை அதன்மேல் பெய்து போனதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கோயிலுக்குத் தகரம் போய்ச் செங்கல் சுவர் வந்தது. சுண்ணாம்பு பூசி முடிந்ததும் படம் எழுத வேண்டும் என்றார்கள். கீழே போடிப் பக்கத்துக் கோயில்களில் பார்த்ததுபோல் அம்மனையும் சிங்கத்தையும் எழுதலாம் என்று வீரபாண்டி நினைத்திருந்தான். பெரியமுத்துக் கங்காணி வேண்டாம் என்றார். கோயிலுக்குத் தலைமை அவர்தான்.

"அம்மன் உள்ளதான இருக்கா. அவளுக்கு எதுக்குப் படம்? எங்கள எழுது."

அப்படித்தான் லயம் முழுவதும் சுவரில் ஏறியது. மாசித் திருவிழாவின் ஊர்வலம். முளைப்பாரி சுமந்த பெண்கள், பால்குடம், உறுமி, கூட்டத்தின் நடுவில் அக்கினிச்சட்டி. ஒவ்வொரு உருவத்துக்கும் லயத்தில் ஒரு ஆள் உண்டு. பார்த்தவுடன் யார் என்று தெரியும். ராக்கப்பனின் சரிந்த தோள், பூமாரியின் பெரிய பல், ஒருவருக்கும் பிடிக்காத வாட்சரின் தொப்பை.

நிறங்களுக்காக அவன் எங்கும் போகவில்லை. பாதை வெட்டிய இடத்தில் கிடந்த மஞ்சள் மண்ணைக் கரைத்துப் பெண்களுக்குச் சேலை கட்டினான். அவர்களுடைய கூந்தல் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் கரி. முளைப்பாரியின் பச்சை, இலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் துருசு மருந்து. பங்களாவில் துணி வெளுக்கிறவனிடம் வாங்கிய நீலம்தான் வானம். எல்லாவற்றையும் வேலம்பிசினில் குழைத்தான். குழாய்க்கு அடித்துத் தேய்ந்த பிரஷ்களைக் கத்தரித்துத் தூரிகை ஆக்கிக்கொண்டான். பார்க்கத் தெரிந்தவனுக்கு அந்தச் சுவரில் எஸ்டேட் முழுக்க இருந்தது. பங்களாவை மட்டும் எழுதவில்லை. கங்காணி கேட்டபோது சுவரில் இடம் போதவில்லை என்றான். இடம் இருந்தது.

முகங்களுக்குச் செங்கல் பொடி. அதை மாவாக அரைத்துச் சுண்ணாம்பு கலந்தால் வெயிலில் வேலை செய்கிறவர்களின் நிறம் வரும். எல்லா முகமும் எழுதி முடித்த பிறகு பார்த்தான். அக்கினிச்சட்டியின் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்திலும் தூரத்தில் இருப்பவர்கள் முகத்திலும் ஒரே நிறம் இருந்தது. நெருப்பு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

சட்டியின் பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முன்னால் வாள் பிடித்த பெரியமுத்துக் கங்காணி. அது அவருடைய உரிமை. உறுமி அடிக்கும் ராக்கப்பன். அவன் டிராக்டரில் மணலும் கல்லும் ஏற்றிவந்ததால்தான் சுவரே எழுந்தது. சட்டியைக் கையில் ஏந்தியவள் குருவம்மாள். அவள் கணவன் செல்லத்துரை காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு அந்த வருஷம் அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். மூன்று முகங்களுக்கும் அவன் குழாய்ச் சிவப்பை எடுத்தான். மண்டியிலிருந்து எண்ணெயைப் பிழிந்து வடித்து எறிந்துவிட்டு, சாயத்தை மட்டும் பிசினில் குழைத்துப் பூசினான். எண்ணெய் இருந்தால் சுண்ணாம்பில் திட்டாகும் என்பது அவனுக்குத் தெரியும்.

முகங்கள் எரிந்தன. திருவிழாவுக்கு வந்தவர்கள் சுவருக்கு முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று பேரும் சுவரை விட்டு வெளியே வருவதுபோல் இருந்தது. எனக்கு ஏன் அந்தப் பளபளப்பு இல்லை என்று வாட்சர் கோபித்துக்கொண்டான்.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. புதுச் சுவர் வியர்த்தது. முதலில் கங்காணியின் நெற்றியில் புகை படிந்ததுபோல் ஒரு நிழல். விளக்குக் கரி என்று பூசாரி ஈரத் துணியால் துடைத்தார். போகவில்லை. நிழல் மூக்குக்கு இறங்கி, கன்னத்துக்குப் பரவி, ஆடி பிறக்கும்போது கங்காணி முகத்தில் கண்ணின் வெள்ளை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த மாதமே அவர் இருமலில் போனார். வயதான மனிதர், பழைய இருமல். யாரும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு ராக்கப்பனின் கன்னம் கறுத்தது. அவனிடமே சொன்னார்கள். அவன் சிரித்தான்.

"பூமாரி கருப்பத்தான கட்டுனா. இப்ப என்ன புதுசா?"

பூமாரி அவன் மனைவி. ஆவணி மழையில் பாதையின் ஓரம் கரைந்து டிராக்டர் ஓடைக்குள் விழுந்தது. அவனைத் தூக்கிவந்தவர்கள் கோயிலைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டும்போது ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்ததை வீரபாண்டி பார்த்தான்.

அப்போது குருவம்மாளின் முகத்தில் கண்களுக்குக் கீழே மட்டும் கருமை இறங்கியிருந்தது. அழுதவள்போல் இருந்தாள்.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மியில் அரைத்துப்போக வருகிறவர்கள் வரவில்லை. அவள் எதையாவது இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லாமல் கொடுத்தார்கள், திருப்பி வாங்கவில்லை. மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்கவில்லை. மூடுபனியில் கொழுந்து ஒடிக்கும் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளிக் கேட்கும். அவள் பேசினால் பதில் வரும், மெதுவாக வரும், நோயாளியிடம் பேசுகிற குரலில். அவளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தாங்களாகவே வந்து சமாதானம் ஆனார்கள். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

செல்லத்துரை நல்லவன். அவளை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். உப்பு எதில் இருக்கிறது, மகளுடைய சட்டை எதில் இருக்கிறது என்று விசாரித்தான். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அவன் மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பின்னல் ஓரளவுக்கு நன்றாகவே வந்திருந்தது. அவள் கூடையை இறக்காமல் வாசலில் நின்றாள்.

"எப்ப பழகுனீக?"

"சும்மாதான்" என்றான் அவன். கையை எடுக்கவில்லை.

அதன்பிறகு அவளும் செத்தவள்போல நடக்கத் தொடங்கினாள். வீட்டுப் பின்னால் அவரை விதை ஊன்றவில்லை. சேலைகளில் நல்லதை மடித்து மகளுக்கு என்று எடுத்துவைத்தாள். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் நாடி பார்த்து ஒன்றுமில்லை என்றார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்பார்கள். திரும்பும் வழியில் கோயிலுக்குப் போகாமல் சுவரை மட்டும் பார்த்தாள். கருமை வாய்வரை வந்திருந்தது. சட்டியில் தீ அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தீயின் பக்கத்தில் தன் முகம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று வெகுநேரம் நின்று பார்த்தாள்.

வீரபாண்டி ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனான். காளிச்சாமி பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரர். நடந்தது முழுவதையும் கேட்டார். டப்பாவை மோந்து பார்த்தார்.

"இதைச் சுண்ணாம்பு மேலயா பூசுன?"

"ஆமாங்க."

"எண்ணெயப் புழிஞ்சு போட்டுட்டா? ஏப்பா, இது ஈயமப்பா. எங்கூர்ல பிள்ளையாருக்குச் செந்தூரம் சாத்துனா எண்ணெயில கொழச்சுத்தான் சாத்துவாங்க. எண்ணெய்தான் அதுக்குச் சட்டை. சட்டையக் கழட்டிப்போட்டு ஈரச் சுண்ணாம்புல நிக்க வச்சா கறுக்காம என்ன பண்ணும்?"

வீரபாண்டி டப்பாவை வாங்கிக்கொண்டான். ஓடாத குறையாக மேலே ஏறிவந்து, கோயிலுக்கு முன்னால் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஈயம், எண்ணெய், சுண்ணாம்பு. அம்மன் கோபம் இல்லை, யாருடைய விதியும் இல்லை, என் கைப்பிசகு என்றான். கேட்டார்கள். சிலர் தலையாட்டினார்கள். பூமாரி குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்.

"சாயந்தான். ஒத்துக்கிடுதேன். இத்தன பேரு இருக்கையில மூணு பேருக்கு மட்டும் அந்தச் சாயத்த எடுன்னு ஒங்க கைக்குச் சொன்னது யாரு?"

நெருப்பின் வெளிச்சத்துக்காக எடுத்தேன் என்று சொல்லலாம். அவர்களைச் சட்டியின் பக்கத்தில் நிறுத்தியது யார் என்று அடுத்து கேட்பாள். குடங்கள் வரிசையாக நிரம்பின. அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மின்நிலையக் குழாயின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு அந்த யோசனை வந்தது. தங்கையிடம் மட்டும் போய்ச் சொன்னான். திருவிழாவுக்கு முன்னால் சுவரைப் புதுப்பித்தாக வேண்டும். வருஷாவருஷம் காப்புக் கட்டுவதற்குள் படத்தின்மேல் ஒரு கை ஓட்டுவது என்று முதல் வருஷமே பேசியது. எல்லா முகத்துக்கும் குழாய்ச் சிவப்பைப் பூசிவிடுகிறேன். எண்ணெய் இல்லாமல். மழை வரட்டும். வாட்சர் முகம், பூசாரி முகம், பூமாரி முகம், என் முகம், ஒன்று பாக்கி இல்லாமல் கறுக்கட்டும். லயம் முழுக்கவா சாகும்?

குருவம்மாள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"எனக்கு?" என்றாள்.

"ஒனக்கும் அதேதான். பழசச் சொரண்டிட்டு மறுபடி பூசுவேன்."

"மறந்துறாத. எனக்கும் அதுதான் வேணும்."

மாசியில் அவன் வேலையைத் தொடங்கியபோது பலரும் வந்து நின்றார்கள். செங்கல்தானே, எங்களுக்குச் செங்கல்தானே என்று மட்டும் கேட்டார்கள். செங்கல்தான் என்றான். எரியும் நிறம் தெரியாமலிருக்கக் கொஞ்சம் செங்கல் பொடியும் கலந்திருந்தான். கண்டுபிடிக்க முடியாது. இறந்த இருவரின் முகங்களைத் தொடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பூசும்போது அந்த ஆள் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். தன் முகத்துக்குப் பூசும்போது அவசரப்பட்டான்.

கடைசியில் குருவம்மாள். உளியால் பழைய கருப்பைச் சுண்ணாம்புவரை சுரண்டி எடுத்தான். கிண்ணத்தில் குழாய்ச் சிவப்பு தயாராக இருந்தது. பிரஷ்ஷை அதில் தோய்த்தான். சுவர்வரை கொண்டுபோனான். பிறகு பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வெறும் செங்கல் பொடியைக் குழைத்தான்.

அவளிடம் அதைச் சொல்லவில்லை.

திருவிழா நடந்தது. மழை வந்தது. இந்தத் தடவை சுவர் முழுவதும் ஒரே சமயத்தில் புகைந்தது. நெற்றிகள், மூக்குகள், கன்னங்கள். ஆனி முடிவதற்குள் மஞ்சள் சேலையும் பச்சை முளைப்பாரியும் பால்குடமும் பளிச்சென்று இருக்க, அவற்றைச் சுமந்தவர்கள் எல்லோரும் கரியாக நின்றார்கள். வெள்ளைக் கண்கள் மட்டும் திறந்திருந்தன. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மூடுபனிக்குள் அந்தச் சுவரைக் கடக்கும்போது, இருண்ட முகத்தோடு ஒரு கூட்டம் தங்களோடு அதே திசையில் நடப்பதைக் கடைக்கண்ணால் பார்த்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. ஒருவரும் வேகமாக நடக்கவும் இல்லை. வேகமாக நடந்தால் பயம் என்று ஆகிவிடும்.

வீரபாண்டி நினைத்ததில் பாதி நடந்தது. யார் முந்தி என்ற பேச்சு நின்றுபோனது. எல்லோருக்கும் ஒன்று என்றான பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வாட்சர்கூடச் சுவரைப் பார்த்துவிட்டு, நல்லவேளை தொப்பை கறுக்கவில்லை என்றான்.

மீதிப் பாதி வேறு மாதிரி ஆயிற்று. கரிய ஊர்வலத்தின் நடுவில் ஒரே ஒரு முகம் செங்கல் நிறத்தில் உயிரோடு இருந்தது. அக்கினிச்சட்டியை ஏந்திக்கொண்டு, மற்றவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போவதுபோல.

சுவர்ப் பக்கம் திரும்பாமலே போய்வந்த குருவம்மாள் அதைக் கேள்விப்படுவதற்கு முன்னால் உணர்ந்தாள். இப்போது வழியில் ஒதுங்கி நின்றார்கள். முன்பு அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்ட பெண்கள் இப்போது குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர், வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டர் கொட்டகைக்கு முன்னால் அவளைக் கும்பிட்டார். வேடிக்கையாகத்தான் கும்பிட்டார், ஆனால் கையை இறக்க மறந்துவிட்டார்.

"எங்க பொணத்தையெல்லாம் நீதான் எடுத்துப்போடணும் தாயி. பாத்து மெதுவாப் போடு."

அவள் நேராகச் சுவருக்குப் போனாள். பார்த்தாள். அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. அவன் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை.

"நீயும் நம்பிட்டியாண்ணே."

அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

"சாயம் சாயம்னு ஊருக்கெல்லாம் சொன்னியே. ஒனக்கே அது சாயமாத் தெரியலயா?"

"தெரியும்" என்றான். "கிண்ணத்துல தொட்டு ஒன் மூஞ்சிகிட்டக் கொண்டு போறேன். கை வரல."

"எல்லாத்துக்கும் வந்துச்சு."

"வந்துச்சு."

அதற்குமேல் கேட்க அவளுக்கும் ஒன்றும் இல்லை. டப்பா எங்கே என்றாள். அவன் எழுந்து பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எண்ணெய் பிழிந்த சாயம், கட்டியாக இருந்தது. பிசினை ஊறவைத்துக் கரைத்துக் கொடுத்தான். கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள்.

மழை விட்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் பெண்கள் நின்றார்கள். அவள் டப்பாவோடு சுவரிடம் போவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியாது. விரலால் தொட்டாள். சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி முதலில் நெற்றியில் தேய்த்தாள். கன்னத்தில் தேய்த்தாள். சுவர் சில்லென்று, தோல்போல ஈரமாக இருந்தது. கண்ணைச் சுற்றிப் பூசும்போது விரல் தடுமாறி வெள்ளைக்குள் போய்விட்டது. அது கண் கலங்கினதுபோல் ஆயிற்று. துடைக்கப் பார்த்தாள், இன்னும் பரவியது. சிவப்பு தாடைக்குக் கீழே இறங்கி மஞ்சள் சேலையின்மேல் ஒழுகியது. இரண்டு பக்கமும் கறுத்த முகங்கள், இறந்த இருவருடையதும் அவள் அண்ணனுடையதும் அவள் கணவனுடையதும், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் அவள் முகம் புதிதாக வெட்டிய காயம்போல் எரிந்தது. முடிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பூமாரி வந்து பக்கத்தில் நின்றாள். ராக்கப்பன் போனதிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில்லை. பூமாரி சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூக்கு கோணிப்போச்சு."

"நான் என்ன படம் எழுதுறவளா?"

"அதுக்காக இப்பிடியா. இவ யாருன்னே தெரியல." பூமாரி சேலைத் தலைப்பைச் சுருட்டி, தாடைக்குக் கீழே ஒழுகினதைத் துடைத்தாள். தலைப்பில் சிவப்பு ஏறியது. அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். "கையக் காட்டு. கழுவிட்டுத்தான் சோத்தத் தொடணும், ஈயமாமே."

குருவம்மாள் கையை நீட்டினாள். பூமாரி அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு நடந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி விலகினார்கள்.